மருந்தோடு சொல்லும் தந்த வைத்தியர்

கட்டுக்கரைக் குளத்தின் நீர் பாயும் மன்னார்ப் பெருநிலத்து ஊர்களில் ஆசிரியத் தொழில் புரிவோர்க்கு மாணவர் வரவேடே பஞ்சாங்கம். காலபோக விதைப்பு நாள்களிலும் அரிவி வெட்டு நாள்களிலும் வகுப்பிற் பாதி இடம் வெறுமையாய்க் கிடக்கும். அத்தகைய விதைப்புக்காலம் ஒன்றில், வந்திருந்த சில மாணவருள் ஒருவன் ஒரே பாடவேளைக்குள் மும்முறை தண்ணீர் குடிக்க விடை கேட்டான். மும்முறை வெளியே செல்லவும் விடை கேட்டான். இலக்கணம் கற்பித்துக்கொண்டிருந்த யான், பாடத்திற்குத் தப்பும் தந்திரம் இதுவென எண்ணி, அவனைக் கடிந்து இருத்தினேன்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. வயிற்றுவலியும் வாந்தியும் கண்டு, ஓடிக் களைத்தவன்போல் ஆழ்ந்து ஆழ்ந்து மூச்சு வாங்கி, அறிவு மயங்கிக் கிடந்தான் என்றும், அவன் மூச்சிற் பழுத்த பழத்தின் வாசம் வீசியது என்றும், வயிற்றுக் கோளாறென நினைந்து வீட்டார் இரண்டு நாள் கைம்மருந்து கொடுத்திருந்தனர் என்றும் பின்னர் அறிந்தேன். நல்வினைப்பயனாக மூன்றாம் நாள் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர், பிள்ளை பிழைத்தான். நீரிழிவு முதியோர்க்கே உரியதென நினைந்திருந்த ஊருக்கு அது புதுமையாயிற்று. மருத்துவர் கூறியவற்றுள் அவன் தாயின் நினைவில் தங்கியது ஒரு சொல்லே. பிள்ளையின் குருதியிற் கீற்றோன் கூடிவிட்டது என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. அதன் பொருள் யாதென அவ்வன்னையார் என்னிடம் வந்து கேட்டார். பண்டிதருக்குத் தெரியாத சொல்லும் உண்டோ என்பது அவர் எண்ணம். எனக்குத் தெரியவில்லை.

அச்சொல்லின் பொருள் தேடப் புகுந்த யான், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் பேசவைப்பதற்கென்றே தம் வாழ்நாளைக் கொடுத்த ஒருவரின் சரிதத்திற் போய் நின்றேன். அவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். கீற்றோசிசு என்னும் சொல்லை அவர் அறியார். அது வழக்கிற்கு வருமுன்னே அவர் மறைந்தார். ஆயினும் அச்சொல்லை நாம் எவ்வாறு ஏற்றல் வேண்டும் என்பதை அவர் வாழ்க்கையே கற்பிக்கின்றது.

பிறப்பும் பயிற்சியும்

கிறீன் 1822ஆம் ஆண்டு ஒக்ரோபர் 10ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில், வூஸ்ரர் நகரை அடுத்த கிறீன் குன்று எனப்படும் குடும்ப மனையிற் பிறந்தார். அவ்வாண்டு தமிழர்க்கும் மறத்தற்கரியது. அதே ஆண்டு மார்கழியிலேதான் நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் சைவத்தின் பொருட்டு உழைத்தவர். மற்றவர் கிறித்தவ மிசனுக்காக வந்தவர். கொள்கையால் எதிரெதிர்த் திசையில் நின்ற இருவரும் தமிழ் உரைநடைக்கு ஆற்றிய தொண்டால் ஒருங்கு வைத்து எண்ணத்தக்கவராயினர்.

கிறீனின் மூத்த சகோதரருள் ஒருவரான அந்திரூ கசுவெல் கிறீன் நியூயோர்க் நகரின் நடுப்பூங்காவை உருவாக்கியவருள் ஒருவர். சிதறிக் கிடந்த ஊர்களை 1898இல் ஒரே பெருநகராக இணைத்த பெருமையும் அவர்க்குரியது. அண்ணன் உலகின் பெருநகர் ஒன்றை ஆக்கினார். தம்பி பனங்கூடல் சூழ்ந்த மானிப்பாயைத் தம் ஊராகக் கொண்டார்.

நியூயோர்க்கிலுள்ள மருத்துவர், சத்திரவைத்தியர் கல்லூரியிற் பயின்று 1845இற் பட்டம் பெற்றார் கிறீன். அது மருத்துவ உலகு புதுவழி திரும்பிய காலம். அவர் பிறந்த மசாசூசெற்ஸ் மாநிலத்தின் பொஸ்ரன் நகரிலேதான் 1846இல் ஈதர் கொடுத்து நோயாளியை உறங்கவைத்துச் சத்திரசிகிச்சை செய்து காட்டினர். அதற்கு அடுத்த ஆண்டு, அமெரிக்க மிசனின் வைத்தியராக இலங்கைக்குக் கப்பலேறினார் கிறீன். 1847 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை அடைந்தார்.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

யாழ்ப்பாணத்திற்கு வந்த முதல் மிசன் வைத்தியர் அவரல்லர். அவர்க்கு முன்னரே ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், நேதன் உவாட் வட்டுக்கோட்டையிலும் பணிபுரிந்திருந்தனர். உவாட்டின் இடத்திற்கே கிறீன் வந்தார். வட்டுக்கோட்டையிற் சிறிது காலம் இருந்தபின், 1848இல் மானிப்பாய்க்குப் பெயர்ந்து, அங்கே மருந்துச்சாலை நடத்தியும், சில இளைஞரைச் சேர்த்து மருத்துவம் கற்பித்தும் தொழில் தொடங்கினார்.

அந்நாளில் வட இலங்கையின் பெரும்பகை வாந்திபேதி. எம் மன்னார்க் கரை அதனை நன்கறியும். தென்னிந்தியாவினின்றும் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த கூலியாட்கள் இக்கரையில் இறங்கி, காடு வழியே மாத்தளை நோக்கிக் கால்நடையாகச் சென்றபோது, வழியெங்கும் மாண்டு வீழ்ந்தனர். யாழ்ப்பாணத்திலும் அந்நோய் பலமுறை தோன்றிக் குடும்பங் குடும்பமாக வாரிச் சென்றது. அதன் கிருமியை 1883இல் கொக் எகிப்திலும் இந்தியாவிலும் ஆராயும்வரை காரணம் தெளிவாக நிறுவப்படவில்லை. காரணம் அறியாத நோயோடு போராடிய மருத்துவருள் ஒருவராகக் கிறீனும் ஊர் ஊராகச் சென்றார். மருந்து கொடுத்ததோடு அமையாது, நோய்த்தடுப்பும் உடல்நலமும் பற்றிச் சிறு பிரசுரங்களைத் தமிழில் எழுதிப் பரப்பினார். மருந்து உண்டவன் ஒருவனே பயன்பெறுவான். சொல்லை அறிந்தவனோ தன் வீட்டையே காப்பான் என்னும் உண்மை இங்கேதான் அவர்க்குப் புலப்பட்டிருத்தல் வேண்டும்.

1852இல் அவருடைய முதற்பெருநூல் வெளிவந்தது. கற்றர் என்னும் அமெரிக்கர் எழுதிய உடற்கூறும் உடற்றொழிலும் சுகாதாரமும் பற்றிய பாடநூலின் தமிழாக்கம் அது. 1857இல் மோன்செல் எழுதிய மகப்பேற்று நூல் பிரசவ வைத்தியம் என்னும் பெயருடன் வந்தது. கடலும் கண்டமும் கடந்து வந்து பத்தாண்டு கழிவதற்குள், தாயும் மகவும் பிழைத்தற்கான நூலைத் தமிழ் மருத்துவர் கையிற் கொடுத்துவிட்டார் அந்த வேற்றுநாட்டவர்.

ஒரு சொல்லின் பிறப்பு

கிறீன் மானிப்பாயிற் குடியேறிய அதே 1848இல், செருமனியிற் குமெலின் என்னும் இரசாயன அறிஞர் ஒரு புதுச்சொல்லை வழங்கினார். அசற்றோன் என்னும் நீர்மத்தைச் செருமானியர் அக்கெற்றோன் என்பர். அதனையும் அதனோடு ஒத்த சேர்வைகளையும் ஒரு குலமாக வகுத்த குமெலின், அச்சொல்லின் முதலெழுத்தை நீக்கிக் கெற்றோன் என்று குலப்பெயரிட்டார். தாமரை என்பது மரை என நிற்பதை முதற்குறை என்று நம் மாணவர் படிக்கின்றனரன்றோ? உலக இரசாயனத்தின் பெருஞ்சொற்களுள் ஒன்றும் முதற்குறையாற் பிறந்ததே. அதன் வேரைத் தோண்டின், காடியைக் குறிக்கும் இலத்தீன் சொல் வெளிப்படும். நம் இலங்கைப் பாடநூல்களில் அது கீற்றோன் என வழங்குகின்றது.

பிரசவ வைத்தியம் வெளிவந்த 1857இல், பிராக் நகரத்துப் பெற்றர்ஸ் என்னும் மருத்துவர் நீரிழிவு நோயாளியின் சிறுநீரில் அசற்றோனைக் கண்டார். மூச்சில் வீசும் பழவாசத்தின் காரணம் அது. 1865இற் கெர்காட் என்பார் நோயாளியின் சிறுநீரில் இரும்புக் குளோரைட்டைச் சேர்த்தபோது செந்நிறம் தோன்றுதலைக் கண்டு, அந்நிலையை அறிதற்கு ஒரு சோதனை வகுத்தார். 1874இற் குசுமால் என்பார் நீரிழிவால் மயங்கியோரின் ஆழ்ந்த பெருமூச்சை விரித்து எழுதினார். என் மாணவன் மூச்சுவாங்கிய முறைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது. நோயின் ஒவ்வோர் உறுப்பாக ஐரோப்பாவில் வெளிப்பட்டுக்கொண்டிருந்த அக்காலத்திலே, அத்தகைய அறிவெல்லாம் தமிழில் வந்திறங்குதற்கு மானிப்பாயில் ஒருவர் துறை கட்டிக்கொண்டிருந்தார்.

தமிழ் வகுப்பு

உடல்நலம் குன்றியமையால் 1857இற் கிறீன் தாய்நாடு சென்றார். 1862இல் மாகிறற் உவில்லியம்சு என்னும் அம்மையாரை மணந்து, அவ்வாண்டே மனைவியாரோடு மீண்டார். வந்தவர் பழைய முறையைத் தொடரவில்லை.

அதுவரை அவர் மாணவர் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்றனர். கற்றவர் பலர் அரசினர் வேலையும் பட்டினத்து வருவாயும் நாடிச் சென்றனர். எவ்வூரின் நோய் தீர்க்க அவர்களைப் பயிற்றினாரோ அவ்வூர்க்கு அவர்கள் திரும்பவில்லை. ஆங்கிலம் கற்றோர் வெளியேறும் இக்குறையை வட்டுக்கோட்டைச் செமினரியும் கண்டிருந்தது. அது 1855இல் மூடப்பட்டதற்குரிய காரணங்களுள் அதுவும் ஒன்று. ஆகவே 1864ஆம் ஆண்டளவில், மருத்துவத்தை முழுவதும் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார் கிறீன். தமிழிற் கற்றவன் தமிழூரிலே தங்குவான். தன் ஊரவரின் உடையும் உணவும் பேச்சும் விடாது அவர்களோடு கலந்து வாழ்வான் என்பது அவர் எதிர்பார்ப்பு. மாணவர் ஐரோப்பியக் கோலம் பூணுதலை அவர் விரும்பவில்லை.

இத்துணிவின் அருமையை ஆசிரியரே நன்கு அறிவர். பாடநூல் இல்லை, கலைச்சொல் இல்லை, முன்சென்றவர் எவரும் இல்லை. கற்பிக்கும் ஆசிரியரோ தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவரல்லர். இந்நிலையில் தம் மாணாக்கரையும் தமிழறிஞரையும் துணைக்கொண்டு நூலாக்கத்தைத் தொடர்ந்தார். துரூவிற் எழுதிய சத்திரவைத்திய நூல் 1867இல் இரண வைத்தியம் ஆயிற்று. கிறே எழுதிய உலகப்புகழ் பெற்ற உடற்கூற்று நூல் 1872இல் மனுஷ அங்காதிபாதம் ஆயிற்று. அதே ஆண்டு கூப்பரின் மருத்துவநூல் வைத்தியாகரம் என்னும் பெயர் பெற்றது. உவெல்சு எழுதிய இரசாயனநூல் 1875இற் கெமிஸ்தம் என வெளிவந்தது. டால்ற்றனின் உடற்றொழில் நூல் 1883இல் மனுஷ சுகரணம் என்றும், உவாரிங் தொகுத்த இந்திய மருந்துநூல் 1884இல் இந்து பதார்த்த சாரம் என்றும் வந்தன. எல்லாம் கூட்டின் நாலாயிரம் பக்கங்களுக்கு மேலாகும். அவரிடம் கற்று மருத்துவரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்.

சொல்லாக்க நெறி

இந்நூல்களிற் பயின்ற சொற்களை ஆக்குதற்குக் கிறீன் ஒரு நெறி வகுத்துக்கொண்டார். முதலில், பொருந்திய சொல் தமிழில் உண்டோ எனத் தேடுதல். நாட்டு வைத்தியர் வழக்கும் பொதுமக்கள் வழக்கும் இதனுள் அடங்கும். அங்கே கிடையாவிடின் வடமொழியை நாடுதல். அங்கும் கிடையாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கேற்ப மாற்றி எடுத்துக்கொள்ளுதல். இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நால்வகைச் சொல்லுக்கும் இடங்கொடுத்தது தொல்காப்பியம். அமெரிக்க வைத்தியர் வகுத்த நெறி அம்மரபிற்கு அயலானதன்று.

அங்காதிபாதம் என்னும் பெயரைக் கேட்போர்க்குக் கேசாதிபாதம் என்னும் இலக்கிய மரபு நினைவிற்கு வரும். முடி முதல் அடி வரை வருணித்த மொழிக்கு, எலும்பு முதல் நரம்பு வரை எண்ணுதல் இயலாதோ என்று அப்பெயரே கேட்பது போலும். கெமிஸ்தம் என்பதோ மூன்றாம் வழியில் வந்தது. வேற்றுச்சொல்லின் பகுதியை ஏற்று, அம் என்னும் தமிழீற்றைக் கொடுத்து, வேற்றுமையுருபு ஏற்கும் பெயராக அதனை அமைத்துக்கொண்டார்.

குறையில்லை என்று கூறுதற்கில்லை. வடசொற் பெருக்கத்தால் அந்நூல்களின் நடை இன்றைய மாணவர்க்குக் கடுமையாகத் தோன்றும். அவர் அமைத்த சொற்கள் பல வழக்கிறந்தன. சுகரணம் என்றால் உடற்றொழிலியல் என்பதை இன்று விளக்கவேண்டியுள்ளது. அவர் உள்ளத்தில் மருத்துவமும் மதப்பணியும் பிரிவின்றி இருந்தன. மருந்து பெற வந்தோர்க்கு மதமும் போதிக்கப்பட்டது. இதனை ஏலாதோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். ஆயினும், தமிழில் இது முடியுமோ என்னும் ஐயம் அவரிடத்து இருக்கவில்லை. அந்த ஐயம் நம்மவரிடத்து இருந்தது. இன்னும் முற்ற நீங்கவில்லை.

இறுதி நாள்கள்

1873இல் உடல் தளர்ந்து அவர் தாயகம் திரும்பினார். திரும்பியவர் ஓயவில்லை. வூஸ்ரர் குன்றின் குளிரிலிருந்து தமிழ்க் கைப்பிரதிகளைத் திருத்தி அனுப்பிக்கொண்டிருந்தார். கெமிஸ்தம் நாகர்கோயிலில் அச்சேறியது. இரு பெருங்கடல்கள் இடையிட்டிருக்க, ஒற்றுப்பிழை திருத்தும் பணி கப்பலஞ்சலில் நடந்தது. நம் அச்சகம் அடுத்த தெருவில் இருக்கவும் பிழையோடு நூல் வெளியிடும் நாம் நாணத்தக்கது இது.

1884 மே 28ஆம் நாள் கிறீன் தாம் பிறந்த மனையிலேயே மறைந்தார். தம்மைத் தமிழர்க்குரிய மருத்துவ ஊழியர் என்றே கல்லறையிற் குறிக்கவேண்டும் என்பது அவர் விருப்பம், அவ்வாறே குறிக்கப்பட்டது. பட்டமும் குலமும் விடுத்து ஓர் இனத்தின் பெயரோடு தம் பெயரை இணைத்து உறங்குகின்றார் அவர். மானிப்பாயில் அவர் தொடங்கிய மருத்துவப்பணி பின்னாளில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனையாயிற்று.

அவர் மறைந்த 1884இலேதான், செருமானிய அறிஞரான கூல்சு, மிங்கோவ்ஸ்கி என்னும் இருவர், நீரிழிவு நோயாளியைக் கொல்லும் அமிலங்களுள் முதன்மையானதைச் சிறுநீரிற் கண்டறிந்தனர். கீற்றோன் குடும்பத்தின் மூன்றாம் உறுப்பு அவ்வாறு வெளிப்பட்டது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திற் கீற்றோசிசு என்னும் சொல் வழக்கிற்கு வந்தது. அதனைத் தமிழாக்கக் கிறீன் இல்லை. அவர் வகுப்பும் இல்லை. 1870இற் கொழும்பில் தோன்றிய மருத்துவக்கல்லூரி ஆங்கிலத்திற் கற்பித்தது. அரசின் அங்கீகாரமும் பதவியும் அவ்வழியிலே சென்றன. தமிழ் மருத்துவ வகுப்பு கிறீனுக்குப்பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை.

கீற்றோசிசு என்பது யாது?

இனி, அவ்வன்னையாரின் வினாவுக்கு வருவோம். நாம் உண்ணும் சோறு உடலிற் குளுக்கோசாக மாறி எரிபொருளாகின்றது. உண்ணாதிருப்பின், ஈரலிற் சேமித்த மாப்பொருள் ஏறத்தாழ ஒரு நாளிற் கரைந்துவிடும். அதன்பின் உடல் கொழுப்பை எடுத்து எரிக்கும். அக்கொழுப்பை ஈரல் கீற்றோன்களாக மாற்றிக் குருதியில் விடுகின்றது. இவ்வாறு கீற்றோன் மிகுந்த நிலையே கீற்றோசிசு. அதன் ஈற்றிலுள்ள ஓசிசு என்பது கிரேக்க விகுதி. ஒரு நிலையைக் குறிப்பது. கொழுப்பை நேரே எரிக்கமாட்டாத மூளைக்கும் கீற்றோன் உணவாகும் என்பதை, கிறீன் பிறந்த மாநிலத்துப் பொஸ்ரன் நகரிற் கேகில் முதலிய அறிஞர் 1967இற் காட்டினர். பட்டினியில் மனிதன் பல நாள் உயிர்தாங்குதற்கு இதுவே காரணம்.

ஆகவே கீற்றோசிசு தன்னளவில் நோயன்று. தவக்காலத்தில் ஒருசந்தி இருப்போர், றமழான் நோன்பு நோற்போர், கந்தசட்டி விரதம் காப்போர் ஆகிய எல்லார் உடலிலும் அது இலேசாகத் தோன்றும். வலிப்புநோய் உடைய குழந்தைகட்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து இந்நிலையை வேண்டுமென்றே உண்டாக்கும் சிகிச்சையை 1921இல் அமெரிக்காவில் வைல்டர் என்பார் வகுத்தார். உடல் மெலிதற்காக இன்று பலர் கைக்கொள்ளும் உணவுமுறையும் இதனடியாகப் பிறந்ததே. கன்று ஈன்ற கறவைப் பசுவுக்கும் இது வருவதுண்டு. பாற்சுரப்புக்கு வேண்டிய அளவு தீன் உட்கொள்ள இயலாதபோது பசு தன் கொழுப்பைக் கரைத்து மெலியும். அதன் மூச்சிலும் பாலிலும் அசற்றோன் மணக்கும்.

சுகதேகியின் குருதியில் ஓர் இலீற்றருக்கு அரை மில்லிமோலுக்கும் குறைவாகவே கீற்றோன் உண்டு. மேற்கூறிய உணவுமுறையால் அது மூன்று வரையும், பல நாட் பட்டினியால் ஐந்து, ஆறு வரையும் உயரலாம். அதற்கு மேற் செல்லாது காப்பது இன்சுலின். கட்டுக்கரை மக்களுக்கு இதனை விளக்க ஓர் உவமை போதும். கொழுப்பு குளத்து நீர். இன்சுலின் துலுசுக் கதவு. கதவு அளவாகத் திறப்பின் வயல் விளையும். கதவே இல்லையேல் வயல் முழுவதும் நீர் தேங்கிப் பயிர் அழுகும். இன்சுலின் அற்றுப்போன நீரிழிவாளர் உடலிற் கீற்றோன் பத்து, இருபது என ஏறி, குருதி அமிலமாகும். தீரா விடாய், ஓயாத சிறுநீர், வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த மூச்சு, பழவாசம், மயக்கம் என்பன அதன் அறிகுறிகள். உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடின் மரணமே முடிவு. 1921இற் கனடாவின் ரொறன்ரோ நகரிற் பான்ரிங், பெஸ்ற் என்போர் இன்சுலினைப் பிரித்தெடுத்து, 1922 தை மாதத்திற் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்படும்வரை, இந்நிலையை அடைந்த சிறுவர் பிழைத்தல் அரிது.

முன்னது கீற்றோசிசு, பின்னது கீற்றோ அசிடோசிசு. ஒன்று உடலின் சிக்கனம். மற்றது உயிரின் ஆபத்து. ஒலியால் இரண்டும் இரட்டைப்பிள்ளைகள்போல் நிற்றலின், கற்றோரும் மயங்குகின்றனர். சிலர் விரதத்தில் தோன்றும் இயல்பான நிலைக்கு வீணே அஞ்சுகின்றனர். வேறு சிலர் அஞ்சவேண்டிய நிலையை உணவுமுறையின் இயல்பென எண்ணி, இன்சுலினைத் தாமே குறைத்து, உயிருக்கு இடர் தேடுகின்றனர். கிறீன் இருந்திருப்பின் இவ்விரண்டிற்கும் ஒருகாலும் மயங்காத இரு பெயர் இட்டிருப்பார் என்று துணிகின்றேன். அவர் நெறியைப் பின்பற்றி, முன்னதைக் கீற்றோன் நிலை என்றும், பின்னதைக் கீற்றோன் அமிலத்தேக்கம் என்றும் வழங்கலாம் எனக் கருதுகின்றேன். கீற்றோன் திசைச்சொல், நிலையும் தேக்கமும் நம் சொல். அருவியாற்று நீரைக் கட்டுக்கரைக்குத் திருப்பும் அணைக்குத் தேக்கம் என்றே பெயர் வழங்கும் இந்நாட்டில், அச்சொல்லுக்கு உரை வேண்டியதில்லை. இதனினும் சிறந்த சொல் கிடைப்பின் அறிஞர் தருக; ஏற்போம்.

அந்த அன்னையாரிடம் சென்று இவற்றைக் கூறினேன். அவர் அமைதியாகக் கேட்டிருந்து, பிள்ளை விடாய் விடாய் என்று தவித்த நாளிலேயே இது தெரிந்திருந்தால் என்று மட்டும் வருந்தினார். யான் தலைகுனிந்தேன். வகுப்பில் அவன் தண்ணீர் கேட்ட நாளில் அவனைக் கடிந்தவன் யானன்றோ? முதற்குறை அறிந்த எனக்கு அம்மாணவனின் குறை தெரியவில்லை. இப்போது அவன் நாள்தோறும் இன்சுலின் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கு வருகின்றான். தண்ணீர் கேட்கும் மாணவனுக்கு விடை கொடுப்பதோடு, அடிக்கடி கேட்பானாயின் அவன் பெற்றோருக்குச் செய்தி அனுப்புவதையும் யான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

நோயின் பெயரை நோயாளியின் மொழியிற் சொல்லுதலும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதே கிறீனின் வாழ்க்கை. அவர் விட்ட இடத்திலிருந்து தொடரவேண்டிய பணி மருத்துவர் ஒருவர்க்கே உரியதன்று. மருத்துவரும் தமிழாசிரியரும் ஒரே பலகையில் அமர்ந்து செய்யவேண்டியது அது. மானிப்பாயில் ஒருகாலத்தில் அவ்வாறே நடந்தது.